சின்ன வயதில் பிள்ளை பெற்ற மகள்: பேறுகாலத்துக்குப் பிறகு அவள் மனசைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பதினாறு, பதினேழு, பத்தொன்பது வயதில், யாரும் எதிர்பாராமல் கர்ப்பமாகிப் பிள்ளை பெற்றிருக்கும் பெண்ணை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மைக்கும் ஆச்சிக்கும் சித்திக்கும் மதினிக்கும் இதை எழுதுகிறேன். அம்பாசமுத்திரம், முக்கூடல், நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்து வீடுகளுக்குப் பிள்ளை பெற்ற பெண்களைப் பார்க்கப் போகிறவள் நான். உடம்பைத் தேற்ற நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். உளுந்தங்களி கிண்டுவதும், மருந்து இடிப்பதும், பிள்ளையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவதும் கைவந்த வேலை. மனசு விஷயத்தில்தான் வரிசை தப்புகிறது.

பெரும்பாலான வீடுகளில் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஊர் வாய்க்குப் பயந்து அந்தப் பெண்ணை உள்ரூமில் போட்டு, அவளோடு யாரும் பேசாமல் பார்த்துக்கொள்கிறார்கள். விஷயம் வெளியே போகாமல் காப்பது அவளுக்கு நல்லது. பேச ஆள் இல்லாமல் ஆக்குவது அவளை நோயில் தள்ளும். இரண்டையும் பிரித்துச் செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து வாங்கிய பிக்மி எண்ணும் தாய் சேய் அட்டையும் கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டுப் பதியாமல் விட்டால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பிறப்புச் சான்றிதழ் எல்லாமே பிறகு இழுபறி ஆகும். எட்டாம் மாதம் ஆகியிருந்தாலும் இப்போதே போய்ப் பதியுங்கள்.

ஒரு தாளில் இந்த எண்களைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மனநல உதவி 14416, குழந்தைகள் உதவி 1098, பெண்கள் உதவி 181, இலவசச் சட்ட உதவி 15100. அவள் போனிலும் 14416ஐச் சேமித்து வையுங்கள். அது 24 மணி நேரமும் வேலை செய்யும், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

பூச்சி மருந்து, எலி மருந்து, தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பேறுகாலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். விபரீத எண்ணம் திடீரென்று எழும்பி, கொஞ்ச நேரத்தில் தணிவதும் உண்டு. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை என்றால் உயிர் தப்பும்.

1. முதலில் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்

விஷயம் தெரிந்த அன்றைக்கு அடி, வசவு, "யாருடி அவன்?" என்ற விசாரணை, அப்புறம் "அவனுக்கே கட்டி வச்சிருவோம்" என்ற முடிவு. இந்த வரிசையில்தான் நிறைய வீடுகளில் நடக்கிறது. நிறுத்துங்கள். அவள் நம்பும் ஒரே ஒரு பெண், வீட்டு ஆண்கள் யாரும் காதுகொடுக்க முடியாத இடத்தில், மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்: அவன் உன்னை வற்புறுத்தினானா? இப்பவும் அவனுக்கோ வேறு யாருக்கோ பயப்படுகிறாயா? இந்த வீட்டில் உனக்குப் பயமான ஆள் யாராவது உண்டா?

மூன்றாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். காரணம் சொந்தக்காரனாகவே இருந்தால், அவன் இருக்கும் வீட்டில் வைத்து என்ன பணிவிடை செய்தாலும் அவள் மனசு தேறாது. பேறுகாலத்துக்கு முன்பே அவளை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும்.

பதினெட்டு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். கல்யாணம் செய்துவிட்டால் வழக்கு போய்விடும் என்பதும் தப்புக் கணக்கு. மனைவியே ஆனாலும் 18 வயதுக்குக் கீழ் என்றால் அவளோடு உறவு கொள்வது பாலியல் வன்முறைதான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

2. சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்

18 வயதுக்குக் கீழ் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். அது மருத்துவரின் கடமை. விஷயம் தெரிந்த மற்றவர்களுக்கும் அந்தக் கடமை உண்டு. இதைக் கேட்டதும் வீட்டிலேயே பேறுகாலம் பார்க்க முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இளம் வயதுப் பேறுகாலத்தில் ரத்தசோகையும் ஜன்னி எனும் பேறுகால வலிப்பும் அதிகம் வரும், பிள்ளை எடை குறைவாகப் பிறப்பதும் அதிகம். வீட்டில் வைத்துப் பார்ப்பது அவள் உயிரோடு விளையாடுவது.

பயம் குறைய, சட்டம் அவளுக்குத் தரும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அவள் பெயர், படம், பள்ளிக்கூடம், ஊர் எதையும் பத்திரிகையில் போடக் கூடாது. சிகிச்சை இலவசம். பேறு முடிந்த முதல் நாட்களில் விசாரணைக்கு வந்தால், அவள் தூங்கி எழுந்து பால் கொடுத்த பிறகு பேசலாம் என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கைதான்.

கர்ப்பம் ஆரம்பத்திலேயே தெரிந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடும், சிறுமிகளுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடும் கருக்கலைப்பு செய்யலாம். 18 முடிந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும்; கல்யாணம் ஆகவில்லை என்பதால் மறுக்க முடியாது. அதற்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இப்படி வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தகவல் தரும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ரத்தப்போக்கு நிற்காமல் 108இல் ஏறுகிறவர்களில் இப்படி வருகிறவர்களும் உண்டு.

3. அவளுக்கென்று ஒரு ஆளை நியமியுங்கள்

வீட்டில் ஆறு பேர் இருப்பார்கள். ஆறு பேரும் ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். அதில் ஒருத்தி மட்டும் "அவளுடைய ஆள்" என்று முடிவு செய்யுங்கள். அம்மைதான் என்று கட்டாயம் இல்லை. அம்மைக்கே கோபமும் அவமானமும் இன்னும் ஆறியிருக்காது. பல வீடுகளில் சித்தியோ மதினியோதான் சரியாக வந்திருக்கிறார்கள். அவள் வேலை: ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, தினமும் பத்து நிமிஷம் பேசுவது, தூக்கத்தைக் கவனிப்பது, தேவைப்பட்டால் போன் அடிப்பது.

ஒரே ஆள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். நேற்று எப்படி இருந்தாள் என்று தெரிந்தவளுக்குத்தான் இன்றைக்கு வித்தியாசம் புலப்படும்.

4. முதல் இரண்டு வாரம்: அழுகையை அழவிடுங்கள்

மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் பால் இறங்கும்போது காரணமில்லாமல் அழுவாள். எரிச்சல் வரும், சிரித்துக்கொண்டே அழுவாள். பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது உண்டு. கர்ப்ப காலத்தில் உயர்ந்திருந்த ஹார்மோன்கள் பிள்ளை பிறந்ததும் மளமளவென்று இறங்குவதும், தூக்கமில்லாததும் காரணம். இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கும். "இப்ப அழுது என்ன, அன்னைக்கு யோசிச்சிருக்கணும்" என்ற பேச்சு இந்த நாட்களில் வரவே கூடாது.

ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினாள், எத்தனை வேளை சாப்பிட்டாள், அழுகை கூடியதா குறைந்ததா. இரண்டாம் வாரக் கடைசியில் மருத்துவரிடம் பேசும்போது இந்த நோட்டுதான் பேசும். "ஒரு மாதிரி இருக்கா" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது.

5. தூக்கம்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது

எனக்கு ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தூக்கமில்லாமல் நாலு நாள் போனால் திடமான பெண்ணுக்கே மனசு கலங்கும். இவள் இன்னும் வளர்கிற வயதுக்காரி.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். பால் கொடுப்பதை மட்டும் அவளுக்கு விட்டுவிட்டு, ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது மூன்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியை இரண்டாகப் பிரியுங்கள்: முன்ராத்திரி ஆச்சி, பின்ராத்திரி சித்தி. அழுததும் பிள்ளையைத் தூக்கிப் போய் அவள் பக்கத்தில் கொடுத்து, குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். பகலில் பிள்ளை பார்க்க வருகிறவர்களை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். வருகிறவர்கள் பிள்ளையைப் பார்ப்பது கொஞ்சம், முகத்தைப் பார்த்துக் கதை கட்டுவது நிறைய.

"அவ செய்ததை அவளே அனுபவிக்கட்டும்" என்று ராத்திரி முழுக்க அவள் தலையிலேயே போடுகிற வீடுகள் இருக்கின்றன. அதனால் அவளுக்குப் பொறுப்பு வராது. பிள்ளையின் அழுகையைக் கேட்டாலே வெறுப்புத்தான் வரும்.

ஒரு சோதனை: பிள்ளை தூங்குகிறது, வீடு அமைதியாக இருக்கிறது, அலுப்பும் இருக்கிறது, ஆனாலும் அவளுக்குக் கண் மூடவில்லை. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் இப்படி இருந்தால் அது சாதாரண அலுப்பு கிடையாது. எட்டாம் படிக்கு நேராகப் போங்கள்.

6. சாப்பாடும் மாத்திரையும்

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம். மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வந்தால் மனசும் சேர்ந்து வாடும். கருப்பட்டி, உளுந்து, பூண்டு, மீன், முட்டை, கீரை எல்லாம் கொடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். ரத்தசோகை இருந்தால் சோர்வு, படபடப்பு, எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வரும். மனச்சோர்வும் பார்க்க அதேபோல இருக்கும். ரத்தப் பரிசோதனையோடு தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், பேறுகாலத்துக்குப் பிறகு அது மாறுவதுண்டு.

பீடி சுற்றுகிற வீடாக இருந்தால் சுளகையும் தூளையும் பிள்ளை கிடக்கும் அறைக்கு வெளியே வையுங்கள், கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். "சும்மாதானே இருக்க, நூறு பீடி சுத்து" என்று முதல் ஆறு வாரத்தில் அவளை உட்காரவைக்காதீர்கள்.

7. என்ன பேசுவது, பிள்ளையை யார் வைத்திருப்பது

புதிதாகப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்து "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிரும்" என்று முடித்துவிடுகிறார்கள். அவள் அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டாள். கேள்வி கேளுங்கள், பிறகு பொறுத்திருங்கள். "ராத்திரி எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" "பிள்ளை அழும்போது உனக்கு என்ன தோணுது?" பதில் வர நேரமாகும். துணி மடித்துக்கொண்டோ பூண்டு உரித்துக்கொண்டோ பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

"இந்தப் பிள்ளை மேல எனக்குப் பாசமே வரல" என்று சொன்னால் பதறாதீர்கள். பாசம் சிலருக்கு அன்றைக்கே வரும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். "அப்படித்தான் தாயி, மெதுவா வரும், நீ சொன்னது நல்லது" என்று சொன்னால் போதும். வற்புறுத்தலில் உண்டான பிள்ளை என்றால் இன்னும் நாளாகலாம். அந்த முகத்தில் அவனைப் பார்க்கிறாள் என்றால் மனநல ஆலோசகர் அவசியம் வேண்டும்.

இன்னொரு சறுக்கல், பிள்ளையை முழுக்க ஆச்சி எடுத்துக்கொள்வது. "உனக்கு ஒண்ணும் தெரியாது, தள்ளு" என்று பிடுங்குகிறோம். உதவி வேறு, பறிப்பது வேறு. குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்ற அவளைக் கூப்பிடுங்கள். தப்பாகச் செய்தால் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுங்கள். எடை குறைந்த பிள்ளையை வெற்று மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையைச் செவிலியர் சொல்லித் தருவார்கள். அதை அவளே செய்யட்டும். பிள்ளையின் உடம்புச் சூடு காப்பாற்றப்படும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் வளரும். பிள்ளைக்கு அவள் அக்கா முறை என்று ஊருக்குக் கதை சொல்லும் யோசனை யாருக்காவது வந்தால் கைவிடுங்கள். வருஷக்கணக்கில் அந்தப் பொய்யைச் சுமக்கப்போவது அவள்தான்.

8. இரண்டு வாரம் ஆனதும் நேராகக் கேளுங்கள்

இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, வெறுமை, எதிலும் நாட்டமின்மை, "நான் செத்தா எல்லாருக்கும் நிம்மதி" போன்ற பேச்சு இருந்தால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். இளம் தாய்மார்களுக்கு மற்றவர்களைவிட இது அதிகம் வருகிறது. முதல் ஒரு வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987இல் உருவானது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். தமிழிலும் சோதித்துப் பார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எதுவானாலும், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறோம், கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று. கேட்பதால் வராது. ஏற்கெனவே இருப்பதைச் சொல்ல அவளுக்கு வாசல் திறக்கும்.

9. அன்றைக்கே, அந்த நிமிஷமே போக வேண்டிய அறிகுறிகள்

தூங்காமல் துறுதுறுவென்று நடப்பது, இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, பிள்ளை தன்னுடையது இல்லை, பிள்ளைக்குள் ஏதோ இருக்கிறது என்று சொல்வது. இது பேறுகாலத்துக்குப் பிறகு வரும் கடுமையான மனநோய். ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். நன்றாகக் குணமாகக் கூடியது, ஆனால் நேரம் கடத்தக் கூடாது. இதைத்தான் பேய் பிடித்தது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போகிறார்கள். குலசாமிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், விபூதி பூசுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு.

காய்ச்சல், கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு, அதிக ரத்தப்போக்கு இவற்றோடு குழப்பமும் இருந்தால் உடம்பு நோயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் 108தான். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருப்பது வசதி. வண்டி வரும் வரை அவளையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள். பிள்ளை வேறொருவர் கையில் இருக்கட்டும்.

10. மாத்திரை எழுதித் தந்தால்

"பால் கொடுக்கிறவ மனநோய் மாத்திரை சாப்பிடக் கூடாது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. பால் கொடுப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதும் ஒரே தப்பின் இரண்டு முனைகள். மருத்துவர் சொன்ன பிறகுதான் குறைக்க வேண்டும்.

11. பிள்ளையை வளர்க்க முடியாது என்றால்

யாருக்கும் தனியாகக் கைமாற்றிக் கொடுக்காதீர்கள். "நல்ல குடும்பம், பிள்ளையில்லாதவங்க" என்று இடைத்தரகர் வருவார்; அது குற்றம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக ஒப்படைத்தால், ஆலோசனை தருவார்கள், மனசு மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசமும் உண்டு. முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும், பேறு முடிந்த மயக்கத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது.

மனசார ஒப்படைத்தவளுக்கும் துக்கம் வரும். மார்பில் பால் கட்டும், அது வலிக்கும்போது துக்கம் இரண்டு மடங்காகும். "அதான் பிரச்சினை தீர்ந்துச்சே" என்று வீடு நிம்மதியாகும் அந்த வாரம்தான் அவளுக்கு மிக ஆபத்தான வாரம். மேலே சொன்ன தூக்கம், பேச்சு, இரண்டு வாரக் கேள்வி எல்லாம் அவளுக்கும் பொருந்தும்.

12. ஆறு வாரத்துக்குப் பிறகு

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள். அப்பா பெயர் இல்லாமல், தாய் பெயரை மட்டும் வைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறாம் வாரச் சோதனைக்குப் போகும்போது கருத்தடை பற்றி அவளிடம் செவிலியர் தனியாகப் பேச வழிவிடுங்கள். காப்பர் டி, மூன்று மாத அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். "இனி ஏன் அதெல்லாம்" என்று பெரியவர்கள் மறித்தால், இன்னொரு கர்ப்பம் சீக்கிரம் வந்துவிடும் ஆபத்து அப்படியே இருக்கும்.

படிப்பை இப்போதே பேசுங்கள். பள்ளிக்கூடத்துக்கே திரும்பலாம், அது முடியாவிட்டால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதலாம். விண்ணப்பத் தேதியை மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ அவள் படித்த பள்ளியிலோ கேட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறாம் மாதமும் வருஷ முடிவிலும் எட்டாம் படியின் கேள்விகளை மறுபடி கேளுங்கள்.